வாசல் இல்லாத கொட்டகை

ஒரு ஊர்லன்னுதான் ஆரம்பிக்கணும், ஆனா இது ஊருன்னு சொல்ற அளவுக்குப் பெரிசு இல்ல. ஆறு கடல்ல விழறதுக்கு முன்னாடி ரெண்டாப் பிரிஞ்சு, கொஞ்ச தூரம் போயி மறுபடியும் ஒண்ணாச் சேரும் பாரு, அந்த நடுவுல கெடந்த ஒரு சின்னத் திட்டு. புன்னைத்திட்டுன்னு பேரு. சுத்தி வந்தா ஒரு உலை கொதிக்கிற நேரத்துல வந்துடலாம், அம்புட்டுதான்.

அந்தத் திட்டுல மூணு தெரு இருந்துச்சு. வடக்கால வலைக்காரத் தெரு, மேக்கால குயவர் தெரு, தெக்கால கோரைப்பாய் நெய்யிறவங்க தெரு. மூணு தெருவுக்கும் நடுவுல ஒரு புன்னைத் தோப்பு. தோப்பு ராசாவோடது. ஆனா ராசா எங்கயோ இருக்காரு, அதனால கல்யாணமா தோப்புல, பஞ்சாயத்தா தோப்புல, கூத்தா தோப்புல. எல்லாம் சரி, தலைக்கு மேல ஒரு கீத்துத் துண்டு கெடையாது. தாலி கட்டப் போறப்ப மழை வரும், மாப்பிள்ளை ஒரு பக்கம் ஓடுவான், பொண்ணு ஒரு பக்கம் ஓடுவா. பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்லப் போறப்ப மழை வரும், வழக்கு அடுத்த மாசத்துக்குப் போயிடும். கூத்துல ராவணன் வாயத் தொறக்குறப்ப மழை வரும், அவன் அரிதாரம் கரைஞ்சு சீதைக்குப் பயம் போயிடும். சிரிக்காதீங்க, இனிமேதான் கதை.

அந்தத் திட்டுல காத்தாயின்னு ஒருத்தி இருந்தா. ஓடக்காரன் பொண்டாட்டி. அவ புருசன் ஒரு கார்த்திகையில காய்ச்சல் கண்டு செத்துப்போனான். மூணு தெரு சனமும் வந்துச்சு. தோப்புல கொண்டாந்து கெடத்தி, தலைமாட்டுல வெளக்க ஏத்தி, அழ ஆரம்பிச்சாங்க, மழை கொட்டுச்சு பாரு. வெளக்கு அணைஞ்சு போச்சு. வலைக்காரங்க வடக்கால ஓடுனாங்க, குயவருங்க மேக்கால ஓடுனாங்க, பாய்க்காரங்க தெக்கால ஓடுனாங்க. இவ மட்டும் ஒரு கீத்தை எடுத்து அவன் மூஞ்சியில தண்ணி விழாமப் புடிச்சுக்கிட்டு, மழை விடுற வரைக்கும் ஒத்தையா நின்னா. கை மரத்துப் போச்சு. யாரும் திரும்பி வரல.

அன்னிலேருந்து அவ கால் ஒரு எடத்துல நிக்கல. புருசனோட துடுப்ப அவளே எடுத்துக்கிட்டா. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடம் விடுவா, வந்ததும் திட்டச் சுத்துவா, சோத்தக் கையில வச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே திம்பா. காத்து நிக்கல, காத்தாயியும் நிக்கலன்னு பிள்ளைங்க பாட்டுக் கட்டிச்சு. பெரியவங்க, பாவம், புத்தி கொஞ்சம் கலங்கிடுச்சுன்னாங்க.

உம் கொட்டுங்க, கொட்டலன்னா நிறுத்திடுவேன்.

ஒரு நாள், வைகாசி மாசம், ராசாவோட படகு அந்தப் பக்கம் வந்துச்சு. காத்து ஒரு தினுசாச் சுழட்டி அடிக்கவும் படகத் திட்டுல ஒதுக்குனாங்க. ராசா எறங்கித் தோப்புல நாலடி வச்சாரு, கோடை மழை பிடிச்சுக்கிச்சு. ராசாவப் பாக்க வந்த சனமெல்லாம் நாலே மூச்சுல வீட்டுக்கு ஓடிடுச்சு. ராசா ஒரு புன்னை மரத்தடியில நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறாரு. எதிர்ல ஒருத்தி மட்டும் மழையில ஓடத்த இழுத்துக் கட்டிக்கிட்டு இருக்கா.

"ஏம்மா, இங்க இருந்த சனமெல்லாம் எங்க?" ராசா கேட்டாரு.

"அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, மகாராசா."

"கூடி நிக்க ஒரு எடம் இல்லியா?"

"எடம் இருக்கு, கூரை இல்ல. மழை வந்தா நாங்க மூணு ஊரு, வெயில் அடிச்சா ஒரு ஊரு."

அப்ப அங்க தாழங்குடைய விரிச்சுக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. மணியக்காரர் தில்லைவனம். திட்டுல ராசா வேலைய எல்லாம் பாத்துக்கிறவர். அவருக்கு ரொம்ப நாளா அந்தத் தோப்பு மேல ஒரு கண்ணு. குடைய ராசா தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு, "மகாராசா, இந்தத் தோப்பு சும்மாதான் கெடக்கு. எனக்குக் குடுத்தா தென்னை வச்சு அரண்மனைக்கு எளநீ அனுப்புவேன். இந்தச் சனத்துக்குத் தோப்பு எதுக்கு? ஒண்ணாச் சேரவா போறாங்க?" அப்படின்னாரு.

ராசா யோசிச்சாரு. காத்தாயியப் பாத்தாரு. "ஐப்பசி அமாவாசைக்குக் கடல்முகத்துல முழுக்குப் போட வருவேன். அன்னிக்கு இந்தத் தோப்புல ஒரு கூரை இருக்கணும், அதுக்குக் கீழ திட்டு மொத்தமும் கூடி இருக்கணும். இருந்தா தோப்பு உங்களுக்கு, பேரன் பேத்தி காலத்துக்கும். இல்லன்னா மணியக்காரருக்கு" அப்படின்னு சொல்லிட்டுப் படகேறிப் போயிட்டாரு.

காத்தாயி ஓடுனா. வலைக்காரத் தெருவுல கலியன்கிறவர்தான் பெரியதனம், அவர்கிட்டச் சொன்னா. குயவர் தெருவுல சோலையன், அவர்கிட்டச் சொன்னா. பாய்க்காரத் தெருவுல பட்டம்மான்னு ஒரு அம்மா, அவ கைய ஓங்குனா தெருவே அடங்கும், அவகிட்டயும் சொன்னா. மூணு பேரும் சரின்னுட்டாங்க. நம்ம தோப்பு போயிடுமேன்னு பயம் இருக்காதா?

ஆனி மாசம் வேலை ஆரம்பிச்சாங்க. குயவருங்க மண்ணு கொழைச்சு நாலு பக்கமும் சுவர் எழுப்புனாங்க. வடக்குச் சுவர்ல வாசல் வச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலம் மணியக்காரர் மெல்லக் குயவர் தெருவுக்குப் போனாரு.

"சோலையா, மண்ணு மிதிச்சது நீ, வாசல் அவங்களுக்கா? குயவங்க சேத்துக் காலோட சுத்திக்கிட்டுப் பின்னால வரட்டும்னு வலைக்காரங்க சொல்றாங்களே. நான் சொன்னதா வெளிய விடாத."

மறுநாள் பாத்தா, எழுப்புன குயவருங்களே வடக்குச் சுவர இடிச்சுப் போட்டிருக்காங்க.

ஆடி மாசம் மறுபடியும் எழுப்புனாங்க. இந்தத் தடவை மேக்கால வாசல். மணியக்காரர் பாய்க்காரத் தெருவுக்குப் போனாரு.

"பட்டம்மா, கோரை கிழிக்கிற பொம்பளைங்களுக்கு உள்ள என்ன வேலை, வெளிய உக்காரட்டும்னு குயவங்க பேசிக்கிறாங்க. நான் சொன்னதா வெளிய விடாத."

மேக்குச் சுவர் இடிஞ்சு போச்சு.

ஆவணி மாசம் மூணாவது தடவை எழுப்புனாங்க. தெக்கால வாசல். அவரு எங்க போயிருப்பாரு சொல்லு? ஆங், வலைக்காரத் தெருவுக்கு.

"கலியா, மீன் கவிச்சியோட உள்ள வந்தா எங்க பாய் நாறிப்போகும்னு பாய்க்காரங்க சொல்றாங்க. நான் சொன்னதா வெளிய விடாத."

தெக்குச் சுவரும் போச்சு.

காத்தாயி மூணு தடவையும் தெருத்தெருவா அலைஞ்சா. "யாரு சொன்னா அண்ணே, யாரு சொன்னா அக்கா"ன்னு கேட்டா. யாரும் வாயத் தொறக்கல. நம்மள இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு மனசுல முள்ளு தச்சிருக்கு, போயி அவங்களையே கேப்போம்னு ஒருத்தருக்கும் தோணல. அவமானத்த யாராவது கடை விரிச்சுக் காட்டுவாங்களா? தெருவுக்குத் தெரு பேச்சும் நின்னு போச்சு. மீனுக்குப் பானை மாத்துறது நின்னு போச்சு, பானைக்குப் பாய் மாத்துறதும் நின்னு போச்சு.

புரட்டாசி பொறந்துச்சு. காத்து தெசை மாறிடுச்சு. கடல்பக்கமிருந்து ஈரமா வருது, வந்து வந்து நிக்குது, மறுபடியும் வருது. ஆத்துத் தண்ணி கலங்கிப் போச்சு. மாடு கயித்த இழுக்குது, நாய் காரணம் இல்லாமக் கொலைக்குது, பிள்ளைங்க தூக்கத்துல புரளுதுங்க. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது, என்னன்னு சொல்லத் தெரியல. காத்தாயி இடிஞ்ச சுவரச் சுத்திச் சுத்தி வந்து, அங்க புல்லே தேஞ்சு தடம் விழுந்துடுச்சு.

ஒரு நாள் அக்கரையில மணியக்காரர் நிக்கிறாரு. பக்கத்துல வரிசையா நாப்பது தென்னம்பிள்ளை.

"ஏத்து காத்தாயி, எல்லாத்தையும் திட்டுக்குக் கொண்டு போகணும்."

அவ ஏத்துனா. ஓடம் பாதி ஆத்துக்கு வந்துச்சு.

"அமாவாசைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குங்களே ஐயா. இப்பவே தென்னம்பிள்ளை எதுக்கு?"

மணியக்காரர் சிரிச்சாரு. அவருக்குத்தான் காரியம் முடிஞ்ச மாதிரியாச்சே, வாய் கொஞ்சம் நீண்டுடுச்சு. "போடி பைத்தியமே. மூணு தடவை விழுந்த சுவர் நாலாவது தடவை நிக்குமா? சுவர்னா வாசல் வேணும். வாசல்னா ஒரு பக்கம்தான் இருக்கும். ஒரு பக்கம் இருந்தா மத்த ரெண்டு பக்கமும் சண்டைதான். ராசாவே வந்து கட்டுனாலும் இதுக்கு வழி கெடையாது."

காத்தாயி துடுப்ப நிறுத்திட்டா. ஓடம் சுழலுது.

"என்னாச்சு, துடுப்ப வலி."

"சுவர்னா வாசல் வேணுமுங்களா?"

"வேணாமா பின்ன?"

"வாசல்னாத்தான் சண்டைங்களா?"

"ஆமாங்கிறேன், ஓடத்த வலிடி, தண்ணி இழுக்குது."

அவ வலிச்ச வலியில அஞ்சு தென்னம்பிள்ளை ஆத்துல விழுந்துச்சு. கரையில ஓடம் முட்டுறதுக்கு முன்னாடியே குதிச்சு ஓடிட்டா.

மொதல்ல வலைக்காரத் தெரு. "அண்ணே, நாலாவது தடவை கட்டப் போறோம். உங்க தெருவுலேருந்து நடுறதுக்குப் பனங்காலும் கட்டக் கயிறும் வேணும்."

கலியன் திரும்பிப் பாக்காம வலை பின்னிக்கிட்டே, "வாசல் எந்தப் பக்கம்?" அப்படின்னாரு.

"வாசல் இல்ல."

"அப்ப உள்ள எப்படிப் போறது?"

"நீங்க எந்தப் பக்கமிருந்து வர்றீங்களோ அந்தப் பக்கமா."

குயவர் தெருவுக்குப் போனா. தரை மெத்தி, தண்ணி ஏறாம மேடு கட்டித் தாங்கண்ணேன்னா. "வாசல் எந்தப் பக்கம்?"னு சோலையன் கேட்டாரு. "வாசல் இல்ல." "அப்ப உள்ள எப்படிப் போறது?" "நீங்க எந்தப் பக்கமிருந்து வர்றீங்களோ அந்தப் பக்கமா."

பாய்க்காரத் தெருவுக்குப் போனா. கீத்து முடைஞ்சு குடுங்கக்கான்னா. பட்டம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "வாசல் எந்தப் பக்கம்டி?"ன்னா. "வாசல் இல்லக்கா." "அப்ப உள்ள எப்படிடிப் போறது?" "நீ எந்தப் பக்கமிருந்து வர்றியோ அந்தப் பக்கமா."

பட்டம்மா கைய இடுப்புலேருந்து எடுத்தா. "சுவரே வேணாம்னுட்டியா?"

"கால் நட்டு, கூரை போட்டா மழைக்குப் போதாதா அக்கா? சுவர் எதுக்கு, யாரத் தடுக்க?"

இதுக்கு எப்படிச் சண்டை போடுறது? போட முடியல. அதனால வேலை நடந்துச்சு. ஆனா மூணு தெருவும் ஒண்ணா நின்னு செய்யல, அதையும் சொல்லணும்ல. காலையில வலைக்காரங்க வந்து பனங்கால நட்டு, மூங்கில ஏத்தி, கயித்தால இறுக்கிட்டுப் போவாங்க. உச்சிப்பொழுதுல குயவருங்க வந்து மண்ணு கொட்டி மெத்திட்டுப் போவாங்க. சாயங்காலம் பாய்க்காரங்க வந்து கீத்து வேஞ்சுட்டுப் போவாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. காத்தாயி மட்டும் மூணு நேரமும் நின்னா. கயித்தத் தூக்கிக் குடுத்தா, தண்ணி மொண்டா, கீத்த எடுத்து எறிஞ்சா.

ஐப்பசி அமாவாசைக்கு மொத நாள் கொட்டகை முடிஞ்சுது. பதினெட்டுக் கால், நாலு பக்கமும் தொறப்பு, நடுவுல முகடு, நல்லா எறக்கமாத் தாழ்வாரம். நின்னு பாத்தா வடக்கால வலை காயிறது தெரியும், மேக்கால சூளை பொகையிறது தெரியும், தெக்கால கோரை ஆடுறது தெரியும்.

மணியக்காரர் பாத்தாரு. வயிறு எரிஞ்சுது. கூரை நின்னா என்ன, கீழ ஆள் இல்லன்னா தோப்பு நம்மளுதுதானேன்னு மறுபடியும் கெளம்புனாரு.

வலைக்காரத் தெருவுல, "கீத்துக்குள்ள பாய்க்காரங்க தேள விட்டு முடைஞ்சிருக்காங்க. உள்ள போகாதீங்க."

பாய்க்காரத் தெருவுல, "வலைக்காரங்க இத்துப்போன கயித்தக் கட்டியிருக்காங்க. உக்காந்தா தலையில விழும். உள்ள போகாதீங்க."

குயவர் தெருவுல, "உங்கள மொதல்ல உள்ள விட்டுக் கூரை தாங்குதான்னு பாக்கப் போறாங்க. உள்ள போகாதீங்க."

அமாவாசையன்னிக்கு ராசாவோட படகு வந்துச்சு. திட்டு மொத்தமும் தோப்புக்கு வந்துச்சு, வராம இல்ல. ஆனா கூரைக்குக் கீழ ஒருத்தரும் போகல. வடக்கால ஒரு கூட்டம், மேக்கால ஒரு கூட்டம், தெக்கால ஒரு கூட்டம். நடுவுல புதுக் கொட்டகை காலியா நிக்குது.

காத்தாயி இந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஓடுறா. "வாங்கண்ணே. வாக்கா. ராசா எறங்கிட்டாரு, வாங்க." யாரும் அசையல. மண்ணப் பாக்குறாங்க, ஆத்தப் பாக்குறாங்க. இவளுக்கு ஒத்தையா நின்னாளே ஒரு மழையில, அது மாதிரியே இருக்கு.

ராசா வந்து கொட்டகையப் பாத்தாரு, உள்ள போயி நின்னாரு. "கூரை இருக்கு. சனம் எங்க?"

மணியக்காரர் தாழங்குடையோட கூரைக்கு வெளியவே நின்னுக்கிட்டுச் சொன்னாரு. "நான் அன்னிக்கே சொன்னேன், மகாராசா. இவங்க சேர மாட்டாங்க. சுவர் இல்ல, வாசல் இல்ல, இது ஒரு மண்டபமா?"

அவரு சொல்லி முடிக்கல. ஒரு மாசமா வந்து வந்து நின்ன காத்து, அன்னிக்கு நிக்காம வந்துச்சு. கடல்மேல இருட்டிக்கிட்டு, புன்னைக் கெளையெல்லாம் வளைஞ்சு, ஐப்பசி மழை இருக்கே, அது தூறிப் பழகி வராது, அப்படியே கவுத்து ஊத்தும். கைக்குழந்தை வச்சிருந்தவங்க மொதல்ல ஓடுனாங்க. வீடு தூரம், கூரை கிட்ட. தேளா கயிறான்னு யோசிக்க யாருக்கு நேரம்? வடக்கால இருந்தவங்க வடக்குப் பக்கமா, மேக்கால இருந்தவங்க மேக்குப் பக்கமா, தெக்கால இருந்தவங்க தெக்குப் பக்கமா உள்ள பூந்துட்டாங்க. வாசல்னு ஒண்ணு இருந்திருந்தா நசுங்கிச் செத்திருப்பாங்க. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள திட்டு மொத்தமும் கூரைக்குக் கீழ நிக்குது, தோளோட தோள் ஒரசிக்கிட்டு. காத்தாயி வெளி ஓரமா நின்னு, நனைஞ்ச கெழடு கட்டைகளையெல்லாம் கையப் புடிச்சு உள்ள இழுத்து விடுறா.

பட்டம்மா கலியனுக்குப் பக்கத்துல மாட்டிக்கிட்டா. காத்து அடிக்க அடிக்க அவ கூரையவே அண்ணாந்து பாக்குறா. கலியனும் அண்ணாந்து பாக்குறாரு.

"கயிறு தாங்குமா?" பட்டம்மா கேட்டா. மூணு மாசத்துல அவ அந்தத் தெருக்காரர்கிட்டப் பேசுன மொதப் பேச்சு அது.

"ஏன் தாங்காது? கடல்ல போற கயிறு. அத நான் கையால முறுக்குனேன்."

"இத்துப்போனதுன்னு சொன்னாங்களே."

"யாரு?"

"மணியக்காரர்."

கலியன் மூஞ்சி மாறிடுச்சு. "அவரு எங்ககிட்ட, உங்க கீத்துல தேள் இருக்குன்னாரே."

"தேளா? எங்க பிள்ளைங்க மடியில வச்சு முடைஞ்ச கீத்து."

சோலையன் பின்னாலேருந்து எட்டிப் பாத்தாரு. "எங்கள மொதல்ல விட்டுக் கூரையச் சோதிக்கப் போறீங்கன்னாரு. அதுக்கு முன்னாடி சேத்துக்காலுன்னு நீங்க சொன்னதா..."

கலியன் திரும்புனாரு. "நாங்களா? நாங்க எப்பச் சொன்னோம்? எங்களக் கவிச்சின்னு இவங்க..."

பட்டம்மா குறுக்க வந்தா. "ஐயோ, நான் ஏன் சொல்றேன். உங்க மீன் இல்லாம நான் என்னிக்குச் சோறு தின்னேன்."

எல்லாப் பொய்யும் ஒண்ணுமேல ஒண்ணு வந்து விழுந்துச்சு. எல்லாரும் மெல்லத் திரும்பி வெளிய பாத்தாங்க.

வெளிய மணியக்காரர் நிக்கிறாரு. எனக்குக் குடை இருக்கேன்னு மொதல்ல ஓடி வரல அவரு. காத்து குடையப் பிச்சு எறிஞ்சுடுச்சு, காம்பு மட்டும் கையில இருக்கு. வடக்குப் பக்கமா வந்தாரு, ஒருத்தரும் நகரல. மேக்குப் பக்கமா வந்தாரு, ஒருத்தரும் நகரல. தெக்குப் பக்கமா வந்தாரு, கெழக்குப் பக்கமா வந்தாரு, அங்கயும் முதுகுதான். நாலு பக்கமும் தொறந்து கெடந்த கொட்டகையில அவருக்கு நுழைய வழி இல்ல.

காத்தாயிதான் சொன்னா. "நகருங்க. மழையில மனுசன நிக்க வைக்கவா கூரை போட்டோம்?"

சனம் முணுமுணுத்துக்கிட்டே ஒரு ஆளு அளவுக்கு வழி விட்டுச்சு. மணியக்காரர் சொட்டச் சொட்ட உள்ள வந்து ராசா முன்னால நின்னாரு. நடந்ததெல்லாம் ராசா காதுலயே விழுந்துடுச்சே, இனிமே விசாரிக்க என்ன இருக்கு?

"திட்டு மொத்தமும் கூரைக்குக் கீழ இருக்கு. தோப்பு இவங்களுது" அப்படின்னாரு ராசா. "தில்லைவனம், உமக்கு இனி மணியம் கெடையாது. இந்தத் திட்டுலயே இரும். வருசா வருசம் இந்தக் கொட்டகைக்குக் கீத்து மாத்துறது உம்ம கை வேலை. இன்னொண்ணு. நீர் யாருகிட்ட என்ன பேசணும்னாலும் இங்க வந்து, நடுவுல நின்னு, மூணு தெருவும் கேக்குற மாதிரிச் சத்தமாச் சொல்லணும். காதுல சொல்ற பேச்சு உமக்கு இனிமே கெடையாது."

ஆள அடிக்கல, கட்டல. இது ஒரு தண்டனையான்னு சில பேருக்கு ஏமாத்தமாக்கூட இருந்துச்சு.

அப்புறம் ஒரு பத்து நாள் கழிச்சு தில்லைவனம் கொட்டகைக்கு வந்தாரு. மனுசனுக்குப் பேசாம இருக்க முடியல, வாய் அரிச்சுப் போச்சு. முரசு தட்டுனாங்க. வலைக்காரங்க வலையப் போட்டுட்டு வந்தாங்க, குயவருங்க சக்கரத்த நிறுத்திட்டு வந்தாங்க, பாய்க்காரங்க கோரைய வச்சுட்டு வந்தாங்க. எல்லாரும் சுத்தி உக்காந்து, "சொல்லுங்க"ன்னாங்க.

அவரு கலியனப் பாத்தாரு, வாயத் தொறந்தாரு, பக்கத்துல சோலையன் இருந்தாரு, மூடிக்கிட்டாரு. சோலையனப் பாத்து வாயத் தொறந்தாரு, பக்கத்துல பட்டம்மா இருந்தா, மூடிக்கிட்டாரு. பட்டம்மாவப் பாத்து வாயத் தொறந்தாரு, அவ நேரா அவரையே பாத்துக்கிட்டு இருந்தா.

ரொம்ப நேரம் கழிச்சு, "மழை நல்லாப் பெய்யுது" அப்படின்னாரு.

"ஆமா, பெய்யுது" அப்படின்னு சொல்லிட்டு சனம் எழுந்திரிச்சு வேலைக்குப் போயிடுச்சு.

அவ்வளவுதான் கதை, ஓடம் கரைய முட்டியாச்சு. உன்னப் பத்தி அவ இப்படிச் சொன்னா, அவன் அப்படிச் சொன்னான்னு யாராவது காதுல வந்து சொன்னா, நேரா அவங்ககிட்டயே போயிக் கேட்டுடு. கேக்காம இடிச்ச சுவரு மூணு.